வேதாளம் ஏன் மீண்டும் மரம் ஏறுகிறது?

(கோலசிலாங்கூரில் நடந்த தொலைக்காட்சி நாடகக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுத் தொலைக்காட்சியில் அடிக்கடி நடப்பதுதான். வெள்ளிக்கிழமை வில்லி அம்மன் சந்நிதியில் கதறி அழுது திருந்துகிறாள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். திங்கட்கிழமை பார்த்தால் அதே வில்லி பாலில் விஷத்தைக் கலந்துகொண்டு நிற்கிறாள். "வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிடுச்சு" என்று சலித்துக்கொள்கிறோம்.

இப்படிச் சொல்வது அந்த வேதாளத்துக்கு நாம் செய்யும் அநியாயம். மாயாஜாலக் கதை எழுத விரும்பும் நம் இளைஞர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

வேதாளத்தின் நியாயம்

கதை உங்களுக்குத் தெரியும். சந்நியாசி ஒருவனுக்குக் கொடுத்த வாக்குக்காக விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமக்கிறான். வழியில் அவன் வாய் திறக்கக்கூடாது. வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும். மௌனம் கலைந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும்.

ஆக, வேதாளம் ஒவ்வொரு முறை மரம் ஏறுவதற்கும் காரணம் உண்டு. மன்னன் மீண்டும் மீண்டும் திரும்பி வருவதற்கும் காரணம் உண்டு. கடைசியில் நடப்பதைக் கவனியுங்கள். இத்தனை நாள் அலைக்கழித்த அதே வேதாளம், "அந்தச் சந்நியாசி உன்னைப் பலி கொடுக்கத்தான் அழைக்கிறான்" என்று எச்சரித்து மன்னனைக் காப்பாற்றுகிறது. எதிரி நண்பனாகிவிட்டது. இந்த மாற்றத்தை நாம் ஏன் நம்புகிறோம்? இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு அவன் சொன்ன பதில்களைக் கேட்டுக் கேட்டு வேதாளம் அவனைப் புரிந்துகொண்டது. நாமும் கூடவே இருந்து கேட்டோம்.

பாத்திர வளர்ச்சி என்பது இதுதான். ஒரு பாத்திரத்துக்கு ஆசை ஒன்று வேண்டும். அந்த ஆசைக்குப் பின்னால் காரணம் வேண்டும். அதற்காக அது கொடுக்கும் விலையும் வேண்டும். மந்திரம், பறக்கும் குதிரை, பாம்பு எல்லாம் பிறகு வரட்டும்.

விடாது கருப்பு சொன்ன பாடம்

நம் தமிழ்த் தொலைக்காட்சியிலேயே இதைச் சரியாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வாரந்தோறும் வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' பலருக்கும் நினைவிருக்கும். எழுதியவர் 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கியவர் நாகா. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு.

ஊரின் காவல் தெய்வம் கருப்பு, தப்பு செய்தவர்களைத் தேடி வந்து தண்டிக்கிறது. குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டாலே நமக்கு வியர்க்கும். ஆனால் தொடர் வெறும் பயமுறுத்தலோடு நிற்கவில்லை. ராசு என்ற சிறுவனின் பழைய நாட்களையும், பல ஆண்டுகள் கழித்து நடக்கும் சம்பவங்களையும் மாற்றி மாற்றிக் காட்டியது. அந்தச் சிறுவனின் மனத்தில் விழுந்த காயம், கருப்பு மீது ஊர் வைத்திருந்த பயம், நம்பிக்கை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தார்கள். முடிவில், அவனே வளர்ந்து ராஜேந்திரனாகி, மனம் இரண்டாகப் பிளந்து கருப்பாகவும் நடமாடுகிறான் என்று தெரிந்தபோது நாம் அதிர்ந்தோம். ஆனால் "இது எப்படி?" என்று யாரும் கேட்கவில்லை. விதையை முன்பே பார்த்திருந்தோம் அல்லவா?

அவசரம் கெடுத்த கதை

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடர் 2011 முதல் 2019 வரை 8 பாகங்களாக, 73 அத்தியாயங்கள் வந்தது. அடிமைகளை விடுவித்த டனேரிஸ் என்ற அரசி, கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், சரணடைந்துவிட்ட ஒரு நகரத்தையே தன் டிராகனை விட்டு எரிக்கிறாள். காரணங்கள் இல்லாமல் இல்லை. பிள்ளைகளாக வளர்த்த டிராகன்களை இழந்தாள், தோழியை இழந்தாள். ஆனால் கடைசிப் பாகத்தை ஆறே அத்தியாயங்களில் முடித்துவிட்டார்கள். அவள் மனம் உடைவதை நாம் கூட இருந்து பார்க்க நேரமில்லை. அந்தப் பாகத்தை மறுபடியும் எடுக்க வேண்டும் என்று 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள்.

நம் தினசரித் தொடர்களின் நோய் இதற்கு நேர் எதிர். மக்கள் பார்க்கும்வரை கதையை இழுக்க வேண்டும். வில்லி திருந்திவிட்டால் நாளைக்குக் கதை ஏது? அதனால்தான் திங்கட்கிழமை மறுபடியும் பாலில் விஷம்.

திருந்துவதுதான் வளர்ச்சியா?

அப்படியானால் கெட்டவன் நல்லவனானால்தான் வளர்ச்சியா? இல்லை. 2013ல் விஜய் டிவியில் தமிழில் வந்த 'மகாபாரதம்' தொடரைப் பார்த்தவர்கள் கர்ணனை நினைத்துப் பாருங்கள். முதலில் அவன் துரியோதனன் பக்கம் நிற்பது, சபையில் அவமானப்பட்ட நாளில் தனக்கு நாடு கொடுத்த நன்றிக்காக. போருக்கு முன் கண்ணன் வந்து, பாண்டவர்கள் உன் தம்பிகள் என்ற உண்மையைச் சொல்கிறான். அதற்குப் பிறகும் கர்ணன் பக்கம் மாறவில்லை. ஆனால் இப்போது, தான் எதை இழக்கப்போகிறோம் என்று தெரிந்தே நிற்கிறான். பக்கம் அதேதான், ஆள் மாறிவிட்டான்.

நம் தோட்டத்து முனியாண்டி

இனி நம் ஊருக்கு வருகிறேன். காலையில் தேநீர் வேளையில் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வந்திருக்கும் தம்பி ஒருவர் தன் கதையைச் சொன்னார். தோட்டத்தை அழித்தவர்களை முனியாண்டி சாமி வாரம் ஒருவராகக் கொல்கிறார். "ஏன் தம்பி?" என்று கேட்டேன். "சாமிக்குக் கோபம், அக்கா" என்றார். எதை இழந்ததால் வந்த கோபம் என்று கேட்டேன். தம்பி யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகும்போது சுருட்டு வாசம் அடித்தால், முனியாண்டி வெள்ளைக் குதிரையில் கடந்து போகிறார் என்பார். பயமுறுத்தச் சொன்னதில்லை. தனக்குத் துணை இருக்கிறது என்ற தைரியத்தில் சொன்னது.

பிறகு தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். முதல் நாள் ராத்திரி பாட்டி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டார்: "நாம கெளம்பிட்டோம். அவரு இன்னும் ராத்திரியில அங்க சுத்திக்கிட்டுதானே இருப்பாரு? யாருக்குக் காவல்?"

நான் சிரித்துவிட்டேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

மலேசியாவில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917ல், இதே வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனை போய்த் தாமான் வீடுகள் வந்ததையும் பார்த்த காவல்காரர் ஒருவர் இருந்தால் அவருக்கு என்ன தோன்றும்? ஆளில்லாத லயத்தை முதல் ராத்திரி சுற்றி வந்தபோது என்ன செய்திருப்பார்? தன்னை விட்டுப் போனவர்கள் மேல் கோபமா? அவர்களைத் தேடிப் புறப்படுவாரா? பதினாறாவது மாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு எப்படிக் காவல் நிற்பார்? பாட்டி கேட்ட ஒரு கேள்வியில் ஆசை, காரணம், விலை மூன்றும் இருக்கின்றன. ஒரு தொடருக்கு வேறு என்ன வேண்டும்?

எனக்கு அது புரிந்தபோது பாட்டி இல்லை. முனியாண்டியைப் பற்றி அவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், எழுத உட்காருவதற்கு முன் போய்க் கேளுங்கள். தொலைக்காட்சியில் வேலை செய்யும் நானே சொல்கிறேன், இன்று ராத்திரி ஒரு மணி நேரம் டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.