உரிமமும் கருத்துரிமையும்

தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய், பெங்களூருவையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் விபத்துகள் மிகுந்த இறக்கமாகும். அங்குப் பொறுப்பின்றி வண்டி ஓட்டுபவரின் ஓட்டுநர் உரிமத்தை நீக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. எனினும், உரிமம் பெற்றவரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. வண்டி ஓட்டிய முறைக்காக உரிமம் பறிக்கப்படலாம். வண்டியில் அமர்ந்து பேசிய கருத்துக்காக அது பறிக்கப்படலாமா?

கணினி உலகிலும் இவ்வினா எழுகிறது. மென்பொருளை விலைகொடுத்து வாங்குபவர் பொதுவாக அதன் உரிமையாளர் ஆவதில்லை. பயன்படுத்துவதற்கான இசைவையே பெறுகிறார். அவ்விசைவே மென்பொருள் உரிமம். ஆட்சேபத்திற்குரிய உள்ளடக்கத்தை வெளியிட்டால் உரிமம் நீக்கப்படும் என்னும் நிபந்தனையும் சில உரிமங்களில் உண்டு.

தொப்பூர் இளைஞர் ஒருவர் கணவாய் விபத்துகளைப் பற்றி இணையதளம் நடத்துவதாகக் கொள்வோம். சாலைப் பணியின் குறைகளை அவர் எழுதுகிறார். அது ஆட்சேபத்திற்குரியது என்று ஒருவர் முறையிட, நிறுவனம் மென்பொருள் உரிமத்தை நீக்குகிறது. தளம் முடங்குகிறது, எச்சரிக்கையும் மக்களைச் சென்றடைவதில்லை. நீதிமன்றம் அவர்மீது குற்றம் காணவில்லை. அவருடைய விளக்கத்தையும் எவரும் கேட்கவில்லை.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வெறுப்பைப் பரப்புவோருக்குத் தன் படைப்பு துணைபோகலாகாது என அது கருதலாம். ஆனால், ‘ஆட்சேபம்’ என்பதன் எல்லையை வகுப்பவர் யார் என்பதே சிக்கல்.

இதனையொத்த வழக்கு ஒன்று தமிழ்நாட்டில் எழுந்தது. இடஒதுக்கீட்டு முறையை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படத்திற்கு வழங்கப்பட்ட தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 1989ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அதனை மீட்டளித்தது. போராட்டமும் வன்முறையும் நிகழும் என்னும் அச்சுறுத்தலுக்குப் பணிந்து கருத்துரிமையை ஒடுக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இணையத்திற்கும் இந்நெறி விரிந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பெரிதும் புண்படுத்தும் செய்திகளை இணையவழி அனுப்புவதைக் குற்றமாக்கியது. அதன் சொற்கள் தெளிவற்றவை என்பதால் 2015ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அரசமைப்பின் 19ஆம் உறுப்பு, பொது ஒழுங்கு, அவதூறு உள்ளிட்ட குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. தனியார் ஒப்பந்தத்தின் தெளிவற்ற சொற்களுக்கும் இந்த அளவுகோல் வழிகாட்டுவதாகும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. எந்த நோக்கத்திற்காகவும் மென்பொருளை இயக்கும் உரிமையே அவ்வியக்கம் வலியுறுத்தும் முதல் உரிமை. 2007ஆம் ஆண்டு வெளியான குனு பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, நிபந்தனைகள் பேணப்படும் வரை வழங்கிய இசைவைத் திரும்பப் பெற இயலாது என்கிறது. அதனால் அவதூறு செய்பவர் சட்டத்திலிருந்து தப்பிவிடுவதில்லை. அவரை விசாரிக்க வேண்டிய இடம் நீதிமன்றமேயன்றி மென்பொருள் நிறுவனம் அன்று.

கருவி தருபவர் கருத்துக்கு நடுவராகிவிட்டால், பேசுபவரின் குரல் பிறர் விருப்பத்தை நம்பியே நிற்கும். தெளிவான விதி, விளக்கமளிக்க வாய்ப்பு, முறையீட்டிற்கு வழி ஆகிய மூன்றும் ஓட்டுநருக்கு வேண்டியவை போலவே எழுதுபவருக்கும் இன்றியமையாதவை.