கடைசியாகக் கழற்றுவது மாஸ்க்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கொரோனா காலத்து டாக்டர்கள், நர்ஸ்கள் என்றதும் "அவர்களுக்கு மனதைரியம் ஜாஸ்தி" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். அந்தப் பாராட்டு எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல, கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவுக்குப் போகவேண்டும்.

2020 மார்ச் கடைசியில் ஹவுரா மாவட்ட மருத்துவமனையில் ஒரு பெண் இறந்தார். அவருக்குக் கொரோனா என்று உறுதியானதும், கவனித்துக்கொண்டவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். ஏப்ரலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கே தொற்று வந்தது. நேற்றுவரை பிறருக்கு ஜுரம் பார்த்தவர்கள், இப்போது தெர்மாமீட்டரும் கையுமாகத் தங்கள் ஜுரத்துக்குக் காத்திருந்தார்கள்.

பதற்றம் எப்படிப் பிடிக்கிறது என்று புரிய, பாதுகாப்பு உடையைக் கழற்றும் நேரத்தைப் பாருங்கள். முதலில் கையுறை, பிறகு கவுன், கண்ணாடி, கடைசியில்தான் மாஸ்க். நடுநடுவே கை சுத்தம். வியர்வையில் ஊறி, நாக்கு வறண்டு, டியூட்டி முடிந்த களைப்பில் இதைத் தப்பில்லாமல் செய்யவேண்டும். இரவு படுத்தபின் மனம் அதையே திரும்ப ஓட்டும்: கண்ணாடியை எடுக்கும்போது விரல் கன்னத்தில் பட்டதோ? பதில் கிடைக்காது. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது. ஆபத்து நிஜமாக இருக்கையில் மனம் விழித்துக் காவல் காப்பது இயற்கை. ஆபத்து விலகிய பிறகும் காவல் ஓயாமல், தூக்கமும் பசியும் கெட்டால்தான் வைத்தியம் தேவை.

இது ஒருவர் இருவர் கதையல்ல. தொற்றின் தொடக்கத்தில் மேற்கு வங்க டாக்டர்கள் 152 பேரிடம் நடந்த ஆய்வில் 39.5 சதவீதம் பேருக்குப் பதற்றம், 34.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1,257 பேரைக் கேட்டபோது 44.6 சதவீதம் பேர் பதற்றத்தில் இருந்தார்கள். நர்ஸ்களுக்குப் பாதிப்பு கூடுதல்.

வார்டுக்கு வெளியே நடந்தது இன்னும் கொடுமை. ஹவுரா லோக்கல் ரயில்கள் மார்ச் 23இல் நின்றன. நவம்பர் 11இல்தான் மறுபடி ஓடின. ரயிலை நம்பி வேலைக்கு வந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! வீட்டைக் காலிசெய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள் பல ஊர்களிலும் இருந்தார்கள். மே மாதம் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து மணிப்பூர் நர்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினர். நம் சென்னையும் சளைக்கவில்லை: கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க வந்தவர்களைக் கல்லால் அடித்தோம். இப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்துகொண்டு எந்த நர்ஸ் மனதைத் தேற்றிக்கொள்வார்?

2003இல் சார்ஸ் தொற்றைச் சந்தித்த டொரொண்டோ மருத்துவமனைகளைப் பிற்பாடு ஆராய்ந்தார்கள். பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் போதுமான அளவு கிடைத்ததாக உணர்ந்தவர்களுக்கு நீண்டகாலப் பாதிப்பு குறைவாக இருந்தது. அதனால் தியான வகுப்பு நடத்துவதற்கு முன் செய்யவேண்டியவை இருக்கின்றன. கிழியாத கவுன், மருத்துவமனைக்குப் பக்கத்தில் படுக்க ஓர் அறை, சொன்ன நேரத்தில் முடியும் ஷிஃப்ட், உடையைக் கழற்றும்போது எதிரே நின்று வரிசையைச் சரிபார்க்க ஒரு சக ஊழியர். இவற்றைத் தரவேண்டியது நிர்வாகம். வீட்டைக் காலிசெய்யச் சொல்லாமலிருக்கவேண்டியது நாம்.