பாசிக்குள் பதுங்கும் மஸ்கி

வட அமெரிக்காவில் விஸ்கான்ஸின், மின்னஸோட்டா ராஜ்யங்களிலும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் உள்ள நன்னீர் ஏரிகளில் வாழும் மஸ்கி என்னும் மீனைப் பிடிக்கப் பத்தாயிரம் முறை தூண்டில் வீசவேண்டும் என்று அப்பிரதேசத்தார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் நாலடி நீளத்துக்கும் வளரக்கூடிய, 1955-ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் தன் ராஜ்ய மீனாக வரித்துக்கொண்ட இந்த ஜீவனைத் தேடிப் போகிறவர், வெறுங்கையோடு கரையேறிப் பழகியவராகத்தான் இருக்கவேண்டும்.

முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலருகே பின்தள்ளி அமைந்த இதன் தேகம், அசைவற்றுக் கிடந்து ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வுவதற்கென்றே வாய்த்தது; ஆதலால் பாசி மண்டிய ஏரி இதற்கு உகந்த வாசஸ்தலம். கண்ட இடத்திலெல்லாம் வீசுவது வீண் பிரயாசை. பாசி முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பும், அடர்ந்த பாசியின் நடுவே தெளிந்து கிடக்கும் இடைவெளியுமே அது காத்திருக்கும் ஸ்தானங்கள்.

கண்கள் தலையுச்சியை ஒட்டியிருப்பதால், தனக்கு மேலே செல்வதை இம்மீன் நன்கு கவனிக்கும். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழ்வரை பாசி வளர்ந்துள்ள இடத்தில், மான்வால் மயிர் கட்டிச் சுழல்தகடு கோத்த போலி இரையை, விழுந்த கணமே விரைந்து சுற்றி இழுத்து, பாசியின் தலையைத் தொடாமல் ஓட்டுவது நல்ல உபாயம். பாசி இன்னும் நெருங்கினால் மூன்று முனை கொண்ட தூண்டில் முள் உதவாது. மேல்நோக்கிய ஒற்றை முள்ளும், அதற்கு அரணாக வளைந்த கம்பியும் உள்ள இரையே வேண்டும். நூலளவு பாசி முள்ளில் தொங்கினாலும் மஸ்கி பெரும்பாலும் முகம் திருப்பிக்கொள்ளுமாகையால், இரை சிக்கியது கைக்குத் தெரிந்தவுடன் தூண்டில் கோலை வெடுக்கென்று சுண்டவேண்டும். அப்படி விடுபட்டுத் துள்ளும் இரையின்மேல் மீன் பாய்வதும் உண்டு. நூலின் முனையில், பற்களுக்கு அறுபடாத உலோகக் கம்பி அவசியம்.

இவ்வளவு செய்தும், கவ்வாமல் படகுவரை இரையின் பின்னாலேயே வந்து நிற்பது இதன் விசித்திர சுபாவம். அப்போது இரையை நீரைவிட்டுத் தூக்குகிறவர் ஏமாந்தார். நூல் ஒரு முழம் மிச்சமிருக்கையிலேயே கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, இரையைக்கொண்டு அகலமாக 8 வரையவேண்டும். வளைவு குறுகினால் அந்த நீண்ட உடல் உடன் திரும்பமாட்டாது. மீன் தென்படாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இதைச் செய்வதே சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம். நீருக்கடியில் பின்தொடர்வது எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிடித்தவர்களில் பெரும்பாலோர் மீனை மீண்டும் ஏரியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதற்காக அகன்ற வலையும், நீண்ட மூக்குக் குறடும், முள்ளையே துண்டிக்கும் வெட்டுக்குறடும் படகில் தயாராக இருக்கும். மீனை வலையோடு நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுவார்கள். நீரின் வெப்பம் ஏறத்தாழ 27 டிகிரி செல்ஷியஸைத் தாண்டினால், போராடிக் களைத்த மீன் பிராணவாயு போதாமல் பிறகு மடிந்துவிடக்கூடும் என்பதால், கடுங்கோடையில் தூண்டிலையே தொடாதவர்களும் அங்கே பலர்.