இரண்டு ஊசியும் சேர்ந்தால்?



சென்ற மாத மருத்துவ நேரத்தில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சில நேயர்கள் கேட்டிருந்தீர்கள். இலக்கங்கள் காதில் நிற்பதில்லை என்பது சரிதான். ஆகவே அன்று சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை இரவு என் மனைவியின் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அத்தான், ரெண்டு நாளாய்ச் சத்தி. வலப்பக்கம் விலாவுக்குக் கீழ குத்துது. மெலியுற ஊசியாலதான் எண்டு நினைக்கிறன். மற்ற ஊசியும் போட்டிருக்கிறன், அது வயித்தைச் சுகப்படுத்தும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்" என்றாள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இங்கே அவுஸ்திரேலியாவில் மருந்துக் கடையில் நின்றவன். "எது பிள்ளை மற்ற ஊசி?" என்று கேட்டேன். ஜிம்மில் பழக்கமான ஒருவர் கொடுத்த சிறு குப்பியாம். பெயர் பி.பி.சி-157. (தமிழோசை கேட்டு வளர்ந்தவர்கள் குழம்ப வேண்டாம். இதற்கும் லண்டன் வானொலிக்கும் தொடர்பில்லை!) குப்பியின் லேபலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல என்று இருந்தது.

முதலாவது ஊசி வைத்தியர் முறைப்படி எழுதிக்கொடுத்த செமாகுளுட்டைட். ஓசெம்பிக், வீகோவி என்று நீங்கள் கேள்விப்படுவது இதைத்தான். குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஒரு ஹோர்மோனைப் போல இது வேலை செய்கிறது. பசி அடங்கிவிட்டது என்று மூளைக்கு அறிவிக்கிறது, இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 1961 பேர் 68 வாரம் கலந்துகொண்டார்கள். மருந்து பெற்றவர்களின் நிறை சராசரியாக 14.9 வீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 வீதம்தான். ஆனால் மருந்து பெற்றவர்களில் 44 வீதமானோருக்கு ஓங்காளம் வந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் சத்தி எடுத்தார். பித்தப்பைக் கோளாறு 2.6 வீதமானோருக்கு, வெற்று ஊசிக்காரரில் அது 1.2 வீதம். இந்தக் கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இனி மற்ற ஊசி. பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. பி.பி.சி-157இல் 15 அமினோ அமிலங்கள். குரோசியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் 1990கள் முதல் இதை ஆராய்ந்து வருகிறார்கள். எலிகளின் இரைப்பைப் புண் ஆறியது, அறுந்த தசைநார் பொருந்தியது என்று நிறையக் கட்டுரைகள் உண்டு. அவற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலானவை ஒரே குழுவினரிடமிருந்து வந்தவை, அவற்றில் இருப்பவை எலிகள். மனிதரைப் பற்றித் தேடினால் கை வெறுமையாகிறது. 2015இல் 42 பேரைக் கொண்டு பதிவுசெய்யப்பட்ட பரிசோதனையின் முடிவுகள் வெளியிடப்படவில்லை. பிறகு முழங்கால் வலிக்காரர் சிலர், 2024இல் சிறுநீர்ப்பை வலியுள்ள 12 பெண்கள், 2025இல் இரண்டே இரண்டு பேர். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று ஊசிக் குழு ஒன்றிலும் இல்லை. இவர்கள் எல்லாரையும் ஒரு பஸ்ஸில் இருத்திவிடலாம்.

இரண்டையும் மனிதருக்குச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு? நான் தேடியவரை ஒன்றுகூட இல்லை.

விற்பவர்கள் சொல்லும் நியாயம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று வயிற்றைப் பிரட்டும், மற்றது வயிற்றை ஆற்றும் என்கிறார்கள். ஆனால் செமாகுளுட்டைட்டால் வரும் ஓங்காளம் இரைப்பையில் விழுந்த புண்ணால் வருவதல்ல. மூளையில் வேலை செய்வதாலும், சாப்பாடு இரைப்பையில் தங்கி நிற்பதாலும் வருவது. இல்லாத புண்ணுக்கு மருந்து போட்டு என்ன பயன்? எலிகளில் இந்தப் பெப்டைட் புதிய இரத்தக் குழாய்களை வளரத் தூண்டுகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. புற்றுநோய்க் கட்டிகளுக்கும் அதே குழாய்கள்தான் தேவை. மனிதரில் அப்படி நடக்கிறதா என்று நீண்டகாலம் பார்த்த ஆய்வு கிடையாது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகவரகம் 2022இல் இதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல், மருந்தகங்களில் கலந்து தயாரிப்பதற்குப் பாதுகாப்புக் கவலையுள்ள பொருள்களுடன் இதையும் வைத்தது.

"ஆய்வில்லாவிட்டால் என்ன, கெடுதல் என்றும் ஒருவரும் காட்டவில்லையே" என்று ஒரு நேயர் கேட்டார். அவருக்கு 1990களின் பென்-பென் கதையைச் சொன்னேன். பென்புளூரமின், பென்ரமின் இரண்டும் அமெரிக்காவில் தனித்தனியே அனுமதி பெற்ற மெலிவு மருந்துகள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அனுமதி இருந்ததில்லை, ஆனாலும் இலட்சக்கணக்கானோர் சேர்த்து எடுத்தார்கள். 1997இல் மாயோ கிளினிக் வைத்தியர்கள், அப்படி எடுத்த 24 பெண்களின் இதய வால்வு பழுதானதை எழுதினார்கள். அந்த வருடமே பென்புளூரமின் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. அவை அனுமதியுள்ள மருந்துகள் என்பதைக் கவனியுங்கள்.

செமாகுளுட்டைட்டுடன் இன்னொரு பெப்டைட்டைச் சேர்ப்பதே பிழை என்று நினைத்துவிட வேண்டாம். காக்ரிலிண்டைட் என்ற ஒன்றைச் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2025இல் வெளியான அந்த ஆய்வில் 3417 பேர். இரண்டும் பெற்றவர்கள், செமாகுளுட்டைட் மட்டும் பெற்றவர்கள், காக்ரிலிண்டைட் மட்டும் பெற்றவர்கள், வெற்று ஊசிக்காரர் என்று நான்கு பிரிவு. 68 வாரத்தில் இரண்டும் சேர்ந்தபோது 20.4 வீதம் நிறை குறைந்தது, வெற்று ஊசியில் 3 வீதம். வயிறு, குடல் தொல்லைகள் சேர்த்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 80 வீதமானோருக்கு, வெற்று ஊசிக்காரரில் 40 வீதமானோருக்கு. பலனும் தொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஜிம் குப்பியோடு அப்படி ஒரு கடதாசி வருவதில்லை. உள்ளே இருப்பது லேபலில் உள்ளதுதானா, கிருமி நீக்கியதா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

மச்சாளின் கதைக்கு வருகிறேன். அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். பித்தப்பையில் கல், அழற்சியும் தொடங்கிவிட்டது. வேகமாக மெலிபவர்களுக்கு இது வரக்கூடியது. "ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமே" என்றாராம் வைத்தியர். அவள் காத்திருந்தது இரண்டாவது ஊசியை நம்பி.

அங்கேயும் முதல் ஊசியை மட்டும் சொல்லியிருக்கிறாள். மற்றதைச் சொல்ல வெட்கமாம். மயக்க மருந்து கொடுப்பவருக்குச் செமாகுளுட்டைட்டைப் பற்றித் தெரிய வேண்டும், ஏனென்றால் பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் சாப்பாடு நிற்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். மற்றக் குப்பியைப் பற்றியும் தெரிய வேண்டும். அக்காவின் அதட்டலுக்குப் பிறகுதான் சொன்னாள். தாதி ஏசவில்லை, குறித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் சொல்லத் தயங்குபவர்கள் 131 450 என்ற அரச மொழிபெயர்ப்புச் சேவை மூலம் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஊசி போடுபவர்களுக்கு மேல்வயிற்றில் விடாத வலி வந்தாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் சத்தி வந்தாலோ, அடுத்த ஊசி நாள்வரை பார்த்திருக்காதீர்கள்.

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது சுகமாக இருக்கிறாள். வைத்தியரைக் கேட்டு முதலாவது ஊசியைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறாள். மிச்சக் குப்பிகள் இரண்டையும் நான் வாங்கி, பழைய மருந்து சேர்க்கும் மருந்துக் கடைப் பெட்டியில் போட்டேன். குப்பி ஒன்று நூறு டொலராம். அந்தக் காசுக்குத்தான் இன்னும் புறுபுறுக்கிறாள்.