குரலைத் தாழ்த்த வேண்டாம்

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. செய்த பாவம் என்று முணுமுணுப்போரும் உண்டு. அது தவறு. இதற்குக் காரணம் மனித பாப்பிலோமா என்னும் வைரஸ். ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983-இல் இதன் ஒரு வகையைப் புற்றுத் திசுவில் கண்டார். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். உடலுறவால் பரவும் இவ்வைரஸ், மணமானவருள் பெரும்பாலோரை என்றேனும் தொற்றி, தானே அகன்றும் விடுகிறது. சிலரிடம் மட்டும் தங்கிப் பல ஆண்டுகள் ஓசையின்றி வேலை செய்கிறது. அந்த நீண்ட காலம்தான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. பயிற்சி பெற்ற செவிலியர், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தனர். ஆம், வினிகரில் உள்ள அதே அமிலம்தான்! மாறிய செல்கள் வெளுத்துத் தெரியும்; அவற்றை உறையவைத்து அழித்தனர். ஏழாண்டுகளில், சோதனை நடவாத ஊர்களைவிட இங்கு இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதம் குறைவு.

2006 முதல் தடுப்பூசியும் உண்டு. தொற்றுமுன் தடுப்பதே அதன் வேலை, வந்ததைக் குணமாக்காது. ஆகவே 9 முதல் 14 வயதே ஏற்றது. எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை என்பதால் 30 வயதுக்குமேல் சோதனையும் தேவை.

"எனக்கு ஒன்றுமில்லையே" என்று அம்மாக்கள் மறுப்பார்கள். ஒன்றுமில்லாதபோது செய்வதுதானே சோதனை! விடுமுறையில் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல எங்கள் வகுப்பில் பேசி வைத்திருக்கிறோம்.