ஸ்பானிய மொழியில் நான்காம் வேற்றுமைத் தொடர்கள்: மும்பைத் தமிழரின் படித்துணர்தற் பயிற்சி நோக்கில்

1. முன்னுரை

பிறமொழிப் பகுதியொன்றைப் படித்துணர்வதற்குச் சொற்பொருள் அறிவு மட்டும் போதாது. செயல் யாருடையது, உணர்வு யாருடையது என்பதை உருபாலும் வினைமுற்றின் ஈற்றாலும் பிரித்தறிய வேண்டும். தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்க்கு வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பழகிய மொழிகள். மகாராட்டிரப் பள்ளிகள் அனைத்திலும் மராத்தி கற்பித்தலை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. எனினும் இவர்கள் ஸ்பானியம் பயிலும்போது பெரும்பாலும் ஆங்கிலமே விளக்க மொழியாக அமைகிறது. இதனால் நேரும் பொருள் மயக்கத்தையும், தமிழும் மராத்தியும் அதனைக் களையும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. விருப்பத்தைக் குறிக்கும் வினை

'மே குஸ்தா எல் லிப்ரோ' என்னும் ஸ்பானியத் தொடரின் பொருள் 'எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும்' என்பதாகும். 'மே' என்பது 'எனக்கு' என நிற்கிறது. புத்தகமே இலக்கண எழுவாய். ஆங்கிலமோ விரும்புவோனை எழுவாயாக்கி, விரும்பப்படுவதைச் செயப்படுபொருளாக்குகிறது. எனவே 'குஸ்தார்' என்னும் வினைக்கு ஆங்கிலவழிப் பொருளை மனனம் செய்த மாணவர், 'மே குஸ்தாஸ்' என்னும் தொடரை 'நீ என்னை விரும்புகிறாய்' என்று கொள்வர். உண்மைப் பொருள் 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்பது. காதற் கடிதமொன்றை மொழிபெயர்ப்பவர்க்கு இப்பிழை நேருமாயின், விரும்பியவர் யார், விரும்பப்பட்டவர் யார் என்பதே தலைகீழாகிவிடும்.

நன்னூல் கொடை முதலாகப் பல பொருள்களை 'கு' உருபிற்குக் கூறுகிறது. உணர்வோனை நான்காம் வேற்றுமையில் நிறுத்தும் வழக்கம் தெற்காசிய மொழிகள் பலவற்றிற்குப் பொதுவானது. காலின் மசிக்கா தெற்காசியாவை ஒரு மொழியியற் பகுதியாக வரையறுத்த நூலில் (1976) இதனையும் ஒரு பொதுக்கூறாக ஆராய்ந்தார். ஆகவே ஸ்பானியத் தொடரின் இவ்வமைப்பு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. ஆங்கிலத்தின் வழியாக வருவதாலேயே புதியதுபோல் தோன்றுகிறது.

3. இயைபும் மராத்தியும்

ஆயினும் தமிழ் முழுமையாகத் துணை செய்வதில்லை. 'எனக்குப் பூ பிடிக்கும்', 'எனக்குப் பூக்கள் பிடிக்கும்', 'எனக்கு அவர்களைப் பிடிக்கும்' ஆகிய மூன்றிலும் வினை மாறவில்லை. இறுதித் தொடரில் விரும்பப்படுவோர் இரண்டாம் வேற்றுமையும் ஏற்றனர். ஸ்பானியத்திலோ விரும்பப்படும் பொருளின் எண்ணுக்கும் இடத்துக்கும் ஏற்ப வினை மாறும்: ஒருமையில் 'குஸ்தா', பன்மையில் 'குஸ்தான்'.

இவ்விடத்தில் மராத்தி கைகொடுக்கிறது. மாம்பழம் ஒன்றாயின் 'மலா ஆம்பா ஆவட்தோ' என்றும், பலவாயின் 'மலா ஆம்பே ஆவட்தாத்' என்றும் மராத்தியர் கூறுவர். உணர்வோன் நான்காம் வேற்றுமையில் நிற்க, வினை பழத்தோடு இயைகிறது. தமிழ் உருபைத் தருகிறது. மராத்தி இயைபைத் தருகிறது. இரண்டையும் அறிந்த மாணவர்க்கு ஸ்பானியத் தொடரின் இரு கூறுகளும் முன்னரே பழகியவை.

4. 'ஆ' என்னும் முன்னிடைச்சொல்

'வி ஊனா காஸா' என்பது 'ஒரு வீடு பார்த்தேன்' எனப் பொருள்படும். 'வி ஆ மரியா' என்பது 'மரியாவைப் பார்த்தேன்' எனப் பொருள்படும். செயப்படுபொருள் குறிப்பிட்ட மனிதராயின் 'ஆ' வருகிறது. தமிழிலும் 'வீடு பார்த்தேன்' என உருபின்றிக் கூறலாம். 'மரியா பார்த்தேன்' எனக் கூறுதல் இயலாது. ஆனால் 'லே தி ஊனா ஃப்ளோர் ஆ மரியா' (மரியாவுக்கு ஒரு பூக் கொடுத்தேன்) என்பதிலும் அதே 'ஆ' வருகிறது. தமிழில் 'ஐ', 'கு' எனப் பிரிந்து நிற்பவை ஸ்பானியத்தில் ஒரே வடிவில் அமைகின்றன. மராத்தியின் 'லா', இந்தியின் 'கோ' ஆகியனவும் இவ்வாறே இருபொருளும் தருவன.

5. ஒப்புமையின் எல்லை

'மே துவெலே லா கபேஸா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது' என்னும் தமிழ்த் தொடரோடு பொருந்துகிறது. இங்கு ஆங்கிலத்தைப் போலவே மராத்தியும் 'என் தலை' என ஆறாம் வேற்றுமையை நாடுவதால், தமிழே தக்க வழிகாட்டி. ஆனால் 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'நான் பசியைக் கொண்டிருக்கிறேன்' என்பதே ஸ்பானிய வழக்கு. 'எனக்குத் தெரியும்' என்பதும் 'ஸே' எனத் தன்மை வினைமுற்றாகவே வரும். எல்லா நான்காம் வேற்றுமைத் தொடர்களையும் அப்படியே பெயர்த்தல் பிழையாகும். இவ்வினைகளைத் தனிப் பட்டியலாகப் பயிற்றுதல் வேண்டும்.

6. பயிற்சி முறை

செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலெ தேர்வில் படித்துணர்தல் ஒரு தனிப் பகுதியாகும். அதற்கும் பயன்படத்தக்க மூன்று படிகளைப் பரிந்துரைக்கலாம்.

(அ) பத்தியிலுள்ள வினைமுற்றுகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் எச்சொல்லோடு இயைகிறது எனக் குறித்தல்.

(ஆ) 'மே', 'தே', 'லே', 'நோஸ்', 'லேஸ்' ஆகியவற்றையும் 'ஆ' வரும் இடங்களையும் வட்டமிட்டு, அவற்றின் மேல் 'ஐ' அல்லது 'கு' என எழுதுதல்.

(இ) அதன்பின்னரே தொடரைத் தமிழாக்குதல்.

எடுத்துக்காட்டாக, 'ஆ மி மாத்ரே லே குஸ்தான் லாஸ் ஃப்ளோரெஸ்' என்னும் தொடரைக் கொடுத்து, 'தாய் ஒருவராயிருக்க வினை பன்மையில் வருவது ஏன்?' என வினவலாம். வினை பூக்களோடு இயைகிறது, தாய் 'கு' ஏற்று நிற்கிறார் என மாணவர் விடை கூறின், இலக்கணமும் பொருளும் ஒருங்கே விளங்கியமை தெளிவாகும். 'என் தாய்க்குப் பூக்கள் பிடிக்கும்' என்னும் பெயர்ப்பு அதன்பின் இயல்பாக அமையும்.

7. முடிவுரை

தாய்மொழித் தலையீடு என்பது பெரும்பாலும் தடையாகவே பேசப்படுகிறது. மேற்கண்ட தொடர்களுள் பலவற்றில் தடையாவது இடையில் நிற்கும் விளக்க மொழியே. மும்பைத் தமிழர்க்கான ஸ்பானியப் பாடநூல்கள் தமிழையும் மராத்தியையும் அடிப்படையாகக் கொண்டு, ஒத்தவற்றையும் ஒவ்வாதவற்றையும் எதிரெதிரே நிறுத்தி எழுதப்படுதல் வேண்டும். ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்தின் துணையின்றி நேரடியாகத் தமிழுக்குப் பெயர்ப்போர் உருவாவதற்கும் அத்தகைய பயிற்சியே வழிசெய்யும்.