பயமா இருக்கு, நிறுத்தாதம்மா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். "என் ரூம்ல ஃபேன் சத்தம் போடுதும்மா" என்றான். அந்த மின்விசிறியில் ஒரு சத்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

மறுநாள் விஷயம் வெளியே வந்தது. நண்பர்கள் அனுப்பிய சில வீடியோக்களைப் பார்த்திருக்கிறான். அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் காட்சியில், எதிர்பாராத நொடியில் ஒரு கோர முகம் அலறிக்கொண்டு பாயும். அவ்வளவுதான் கதை. "ஆம்பளப் புள்ள, இதுக்குப் போய்ப் பயப்படலாமாடா?" என்று அவன் தாத்தா சிரித்தார். நான் கைப்பேசியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அன்று இரவும் மின்விசிறி சத்தம் போட்டது. நான் பூட்டியது கைப்பேசியைத்தான், பயத்தை அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. அதைவிட மோசம், இனி அவன் எதைப் பார்த்தாலும் என்னிடம் சொல்லமாட்டான். பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஒரு குழந்தை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டியின் முந்தானை

ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். நான் சிறுமியாக இருந்தபோது, திருவிழா நாட்களில் எங்கள் தெருவில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். பொம்மைக்குள் ஆவி புகுந்துகொள்ளும் 'மை டியர் லிசா' (1987) படத்தை அப்படித்தான் பார்த்தேன். பாட்டியின் முந்தானையை முகத்தில் போர்த்திக்கொண்டு, நூலிடை வழியாகப் பார்த்தேன். பாட்டி வெற்றிலையை மென்றபடி, "அது பொம்மைடி. உள்ள எவனாவது கம்பியக் கட்டி இழுப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று நானும் பயந்தேன். ஆனால் தூக்கம் கெடவில்லை. என் மகனுக்குக் கெட்டது. நான் பார்த்தபோது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். அவன் போர்வைக்குள், காதில் இயர்போனுடன், தனியாகப் பார்த்திருக்கிறான். பயத்தைவிடத் தனிமைதான் அவனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஓர் ஒப்பந்தம் போட்டோம். மாதம் இரண்டு படம். தேர்வு செய்வது நான். சேர்ந்துதான் பார்ப்போம். பகலில்தான் பார்ப்போம். ரிமோட் அவன் கையில் இருக்கும். எந்த நொடியிலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம்.

பயத்தின் அறிவியல்

முதலில் போட்டது ஏ.சி.திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' (1967). ஒரு வீடு, தொடரும் கொலைகள், யார் என்றே தெரியாத ஒருவனின் கண்கள். நடுநடுவே நாகேஷ் வந்து மூச்சுவிட இடம் தருவார். பதற்றமான காட்சி ஒன்றில் நான் அவன் முகத்தைப் பார்த்து, "நிறுத்தட்டுமா?" என்றேன். "பயமா இருக்கு. நிறுத்தாதம்மா!" என்றான்.

இந்த இரண்டு வாக்கியங்களும் எப்படி ஒன்றாக வருகின்றன? பத்தாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகளை நடத்தும்போது நாம் சொல்வதுதான் விடை. ஆபத்து என்று மூளை கருதியவுடன் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கண்ணின் பாவை விரிகிறது, தசைகள் ஓடவோ எதிர்க்கவோ தயாராகின்றன. அதே நேரத்தில், 'இது படம், நாம் நம் வீட்டில் இருக்கிறோம்' என்று மூளையின் இன்னொரு பகுதி சொல்லிக்கொண்டிருக்கிறது. ராட்டினத்தில் ஏறி அலறுகிற குழந்தை இறங்கியதும் மறுபடி ஏற்றச் சொல்வது இதனால்தான். பாதுகாப்பு உறுதியாக இருக்கும்போது பயம் விளையாட்டாகிறது. பாதுகாப்பு இல்லாவிட்டால் அது வெறும் பயம்தான்.

அடுத்து, அதிர்ச்சிக்கும் பதற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசினோம். இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதற்கு ஓர் எளிய விளக்கம் தந்திருக்கிறார். இருவர் மேசையருகே பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில நொடிகள் அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டால், அதே சாதாரணப் பேச்சு முழுவதும் நாம் பதறிக்கொண்டே இருப்போம். "அப்ப, என் ஃப்ரெண்ட்ஸ் அனுப்பினது வெறும் குண்டு" என்றான் மகன். அன்றே அந்த வீடியோக்களின் மேல் அவனுக்கிருந்த மரியாதை போய்விட்டது.

ஒலியை நிறுத்திப் பாருங்கள்

எங்கள் பட்டியலில் அதிகம் கற்றுக்கொடுத்த படம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975). படப்பிடிப்பில் இயந்திரச் சுறாவைக் கடலில் இறக்கினார்கள். அது அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்தது. வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுத்தார்கள். நீரில் மிதந்து வரும் மஞ்சள் பீப்பாய்கள், ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும் இசை, இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத சுறாவை நம் மனமே வரைந்துகொள்கிறது. படத்தின் பெரும்பகுதி கடந்த பிறகுதான் அது முழுமையாக முகம் காட்டும்.

படம் முடிந்ததும் ஒரு சோதனை செய்தோம். மிகவும் பயந்த காட்சியை ஒலியில்லாமல் மறுபடி ஓட்டினோம். யாரோ நீந்துகிறார்கள், அவ்வளவுதான். பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்டோம். வயிற்றில் மறுபடியும் அதே பிசைவு. "பயம் காதுல இருக்கும்மா!" என்று கத்தினான். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு உறுதியாக அவன் மனதில் பதிந்திருக்காது.

'கல்ட்' படம் என்றால் என்ன என்று கேட்டான். வெளியானபோது பெரும்பாலானோர் கண்டுகொள்ளாமல் விட்டு, பின்னாளில் சிலர் விடாமல் பேசிப்பேசியே வாழவைக்கும் படம் என்று சொல்லி, 'அந்த நாள்' (1954) போட்டேன். எஸ்.பாலச்சந்தர் இயக்கிய இந்தப் படத்தில் பாடல்களே இல்லை. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு வீசிய நாளில் நடக்கும் கொலை. ஆளுக்கொரு விதமாக அதே சம்பவத்தைச் சொல்வார்கள். அன்று வசூலில் தோற்ற படம், இன்றும் பேசப்படுகிறது. "சென்னை மேல குண்டு போட்டாங்களா?" என்று அவன் வரலாற்றுப் புத்தகத்தைத் தேடிப் போனது எனக்குக் கிடைத்த உபரி லாபம்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) பார்த்தபோது அவன் பயப்படவில்லை, அழுதான். விபத்தில் அடிபட்டு இறந்த பெண்தான் அதில் பேய். "பாவம்மா அவ" என்றான். ஆம்பளப் புள்ள அழலாமா என்று கேட்க அன்று வீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன்.

நான் சறுக்கிய இடம்

எல்லாம் சரியாகப் போகிறது என்ற நினைப்பில் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) போட்டேன். பாரதிராஜாவின் படம், இளையராஜாவின் இசை. கல்லூரி நாட்களில் நானும் தோழிகளும் வியந்து வியந்து பேசிய படம். என் நினைவை நம்பினேனே தவிர, அவன் வயதை நினைக்கவில்லை. மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் போடவும் இல்லை.

பாதியில் நிறுத்தியது அவன்தான். "வேண்டாம்மா. இதுல பொம்பளைங்களையே கொன்னுட்டு இருக்கான். உனக்கு இது எப்படிப் பிடிச்சுது?"

என்னிடம் உடனே பதில் இல்லை. இசை, படத்தொகுப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "நான் முதல்ல பாத்தப்ப இந்தக் கேள்வி எனக்குத் தோணலடா" என்றேன். அதுதான் உண்மை. நமக்குப் பிடித்த படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, நம் ரசனையையும் அவர்கள் திருத்தத்துக்கு வைக்கிறோம். அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் 'நிறுத்து' என்று சொல்லும் தைரியம் அவனுக்கு வந்திருக்கிறதே! அந்த ரிமோட்டை அவன் கையில் கொடுத்தது வீண்போகவில்லை.

வகுப்பறைக்கு வந்த பெட்டி

இதே சமயத்தில் என் ஏழாம் வகுப்பில் ஒரு சிக்கல். கழிப்பறைக்குப் பின்னால் இருக்கும் புளியமரத்தில் மோகினி இருப்பதாக யாரோ கிளப்பிவிட, சில பிள்ளைகள் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். பழைய நானாக இருந்தால், "மூடநம்பிக்கை" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பேன். இம்முறை ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டு மேசைமேல் வைத்தேன். "எனக்குப் பயம் எது? பெயர் வேண்டாம். ஒரு வரி போதும்" என்றேன். முதல் சீட்டை நானே எழுதிப் போட்டேன்: 'கரப்பான்பூச்சி'. வகுப்பே சிரித்தது. பிறகு எழுதத் தொடங்கினார்கள்.

மோகினி சில சீட்டுகளில் இருந்தாள். நாய், இருட்டு, கணக்குத் தேர்வு எல்லாம் இருந்தன. ஒரு சீட்டில் இப்படி இருந்தது: 'ராத்திரி வாசல்ல அப்பா செருப்பு விடுற சத்தம்.'

எனக்கு அந்த இரண்டு சுரங்கள் நினைவுக்கு வந்தன. சுறா வருவதற்கு முன்னால் வரும் ஒலி. படத்தை நிறுத்தலாம். இந்தக் குழந்தையின் கையில் ரிமோட் இல்லை.

கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் பெயர் வேண்டாம் என்று சொன்னவள் நான். அந்தச் சீட்டை வகுப்பில் படிக்கவில்லை. கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. பொதுவாகப் பேசினேன்: "சில பயம் மரத்துல இருக்கும், பகல்ல போய்ப் பாத்தா போயிடும். சில பயம் வீட்டுல இருக்கும். அதைத் தனியா சுமக்க வேண்டாம். என்கிட்ட எப்ப வேணும்னாலும் வரலாம்." 1098, 14417 என்ற இரண்டு இலவச உதவி எண்களையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினேன். அழிக்க வேண்டாம் என்று வகுப்புத் தலைவரிடம் சொன்னேன். அன்றே தலைமை ஆசிரியரிடமும் தகவலைச் சொல்லிவைத்தேன். தினமும் மதிய உணவு நேரத்தில் அந்தப் பிள்ளையின் பக்கம் போய் இரண்டு வார்த்தை பேசினேன். எட்டாவது நாள் மாலை, எல்லோரும் போன பிறகு, பையை மாட்டிக்கொண்டு என் மேசையருகே வந்து நின்ற பிள்ளையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது அந்தக் குடும்பத்துக்குரியது. இங்கே எழுதமாட்டேன். தலைமை ஆசிரியரும் நானும் தனியாக விடவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மோகினியைப் பார்க்க, நண்பகலில் வகுப்போடு புளியமரத்துக்குப் போனோம். ஒரு காக்கைக் கூடும் நிறையப் புளியங்காய்களும்தான் இருந்தன.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வீட்டில் இத்தகைய படங்களைப் பார்க்க விரும்பினால், என் அனுபவத்தில் சில:

• தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் யுஏ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஏ சான்றிதழ் வயது வந்தோருக்கு மட்டும்.

• எத்தனை முறை பார்த்த படமாக இருந்தாலும், பிள்ளையோடு பார்ப்பதற்கு முன் மறுபடி ஒருமுறை பாருங்கள். நான் செய்யத் தவறியது இது.

• பகலில் பாருங்கள். நிறுத்தும் உரிமை பிள்ளையிடம் இருக்கட்டும். நிறுத்தினால் கேலி வேண்டாம்.

• முடிந்ததும் பத்து நிமிடம் பேசுங்கள். எந்த ஒலி பயமுறுத்தியது? எதைக் காட்டவில்லை? யார் பாதிக்கப்படுகிறார்கள்?

• 'பேய் பிடித்தல்' பேச்சில் வந்தால், மனநலத்துக்கும் மருத்துவம் உண்டு என்பதைச் சொல்ல அதுவே நல்ல தருணம்.

• வகுப்பறையில் திகில் படம் வேண்டாம். முப்பது பிள்ளைகளின் வீடு நமக்குத் தெரியாது. பள்ளியில் சிறார் திரைப்படங்கள் திரையிடும்போது இதே கேள்விகளைக் கேட்டாலே போதும்.

• பயப்பெட்டி வைத்தால், வரும் சீட்டுகளுக்குப் பொறுப்பேற்கத் தயாராக வையுங்கள்.

சென்ற மாதம் படத்தைத் தேர்வு செய்யும் முறை மகனுக்கு வந்தது. 'பீட்சா' (2012) போட்டான். பாழடைந்த அமைதியில் இருக்கும் பங்களா, கையில் ஒரு டார்ச் விளக்கு. கதாநாயகன் உள்ளே நுழைந்தபோது என்னையறியாமல் என் கை முந்தானையை இழுத்தது. அவன் அதைப் பார்த்தான். சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.